அந்தப் பொம்பளையைக் கேட்டாங்களா?

பல்கலைக்கழகத்தில் அவளுக்கு எலும்பம்மா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் ஆய்வுக்கூடத்துக் கதவுக்கு வெளியே நின்று, "எலும்பம்மா உள்ள இருக்காங்களா?" என்று மாணவர்கள் குசுகுசுப்பது அவள் காதில் விழாமல் இருக்காது. அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. படிப்பு முடிந்த நாளிலிருந்து செத்தவர்களோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

பழங்காலத்து மனிதர்களின் எலும்புகளையும், அவர்களை மண்ணில் வைத்த விதத்தையும் ஆராய்வதுதான் அவள் வேலை. கட்டடத்தின் பின்பக்கம், தரைத்தளத்தில் நீளமான ஓர் அறை. சுவர் முழுக்க இரும்பு அலமாரி, அலமாரி முழுக்க அட்டைப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஆள். மேசைமேல் மண்டையோடு உருண்டு போகாமலிருக்க மணல் நிரப்பிய துணி வளையம், மண்ணைத் தட்டிவிட மெல்லிய பிரஷ்கள், பல் இடுக்கில் நோண்டக் கூர் மழுங்கிய மூங்கில் குச்சிகள். உள்ளே நுழைந்தால் காய்ந்த மண் வாசனை அடிக்கும். எலும்பைக் கையில் எடுக்கும்போது கீழே இன்னொரு கை தாங்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அதை மறந்த மாணவன் அன்று முழுக்க அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா இறந்த பிறகு அம்மா அவளோடு வந்து இருந்தாள். வந்த அன்றே அம்மா ஒரு விதி போட்டாள். தோண்டும் இடத்திலிருந்து திரும்பினால் செருப்பு வாசலுக்கு வெளியே, ஆள் நேரே குளியலறைக்கு, அதற்குப் பிறகுதான் சமையலறை.

"உயிரோட இருக்கறவனைக் கட்டிக்கிட்டுப் பொண்ணுங்க படற பாடு பத்தாதுன்னு, என் பொண்ணு செத்தவங்களைத் தேடித் தேடிப் போறா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அடுத்த வரியும் எல்லோருக்கும் மனப்பாடம். "நான் போனா என்னை எரிச்சுடுங்கப்பா. ஆயிரம் வருஷம் கழிச்சு இவளை மாதிரி ஒருத்தி வந்து பிரஷ்ஷால என்னைச் சுரண்ட வேணாம்."

எல்லோரும் சிரிப்பார்கள். விடுமுறைக்கு வந்திருக்கும் தம்பி எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரிப்பான்.

அவள் பெயர் வெளியே தெரிந்தது ஒரு குழியால்தான். புதுச் சாலைக்காக மேடு ஒன்றை வெட்டியபோது வெளிப்பட்ட பழைய இடுகாடு அது. அதில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஒரே குழியில் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தார்கள். ஆணின் கை பெண்ணின் மார்பின் குறுக்கே கிடந்தது. பத்திரிகைக்காரர்கள் விடுவார்களா? 'மண்ணுக்குள்ளும் பிரியாத ஜோடி' என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள். அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கணவன் மனைவியா தெரியாது, ஒரே நாளில் இறந்தார்களா தெரியாது என்றாள். யார் காதிலும் ஏறவில்லை.

அப்போது அப்பா உயிரோடு இருந்தார். ஊரே எழுந்து நின்று வணக்கம் சொல்லும் தலைமை ஆசிரியர். மகள் பெயர் வந்த பக்கத்தை நான்கு பேருக்குப் படித்துக் காட்டிவிட்டு, மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். அம்மா அந்தப் படத்தைக் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"ஏண்டி, அந்தப் பொம்பளையைக் கேட்டாங்களா?"

"என்ன கேக்கணும்?"

"அவன் பக்கத்துல படுத்துக்கறியான்னு."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அன்று ராத்திரி சிரிப்பு நின்றுபோனது. செத்தவர் தானே போய்க் குழியில் படுப்பதில்லை. யாரோ படுக்க வைக்கிறார்கள். அப்படியானால் அந்தக் கை, அந்தப் பக்கம், அந்த நெருக்கம் எல்லாம் படுக்க வைத்தவர்களின் ஆசை. படுத்தவளுடைய ஆசை என்னவென்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. பிற்பாடு அவள் எழுதிய தடித்த புத்தகத்தின் முதல் அத்தியாயமே இதைப் பற்றியதுதான். அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று அதில் எழுதவில்லை. அம்மா அதைப் படிக்கவும் இல்லை.

ஆனால் அம்மா ஏன் அப்படிக் கேட்டாள் என்பது அவளுக்கு அப்போதே தெரியும்.

இருபத்து மூன்று வயதில், முன்கை எலும்புகளைப் பற்றிய வகுப்பில் அதைத் தெரிந்துகொண்டாள். முன்கையில் இரண்டு எலும்புகள். வழுக்கி விழுகிறவர்கள் உள்ளங்கையை ஊன்றுவார்கள். பெரும்பாலும் கட்டைவிரல் பக்கத்து எலும்புதான் மணிக்கட்டுக்குச் சற்று மேலே உடையும். சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் நடுவில், குறுக்காக உடைந்திருந்தால் வேறு மாதிரி யோசிக்க வேண்டும். முகத்துக்கு நேரே அடி வரும்போது யாராக இருந்தாலும் கையைத்தான் தூக்குவார்கள். அடியை வாங்குவது அந்த எலும்பு. ஒரே ஒரு எலும்பை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் யோசிக்க வேண்டும். ஆசிரியர் பலகையில் படம் போட்டுக்கொண்டிருந்தார். அவள் குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டாள்.

அம்மாவின் இடது முன்கை லேசாக வளைந்திருக்கும். வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டைதான் போடுவாள். கேட்டால், "நீ மூணு வயசுக் குழந்தை. குளியலறையில வழுக்கி விழுந்தேன்" என்பாள். அடுத்த விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது, துணி மடிப்பதுபோல் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைக்கு மேலேயே அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தாள். சுண்டுவிரல் பக்கம். நடுவில். எலும்பு முடிச்சுப் போட்டதுபோல் தடித்திருந்தது.

அப்பா அவளை ஒரு நாளும் அடித்ததில்லை. பெண்ணுக்கு எதற்கு இந்தப் படிப்பு என்று சொந்தக்காரர்கள் இழுத்தபோது, "அவ இஷ்டம். நான் படிக்க வைக்கறேன்" என்று வாயடைத்தவர் அவர். அவள் முதன்முதலாகத் தோண்டப் போன இடத்துக்குக் குடையோடு வந்து, நாள் முழுக்கக் குழி ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். அந்த மனிதரையும் இந்த எலும்பையும் எப்படி ஒன்றாகச் சேர்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்காமலே விட்டாள். அப்பாவின் சாவுக்கு அவரிடம் படித்தவர்கள் தெருக்கோடி வரை வரிசையில் நின்றார்கள். தம்பி உடைந்து போய் அழுதான். கல்லறைத் தோட்டத்தில் அப்பா பக்கத்திலேயே அம்மாவுக்கும் சேர்த்து இடம் வாங்கிப் போட்டான். அம்மா அழவில்லை. அதிர்ச்சியில் இருக்கிறாள் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அம்மாவுக்கு இதயம் பலவீனமாகிக்கொண்டே வந்தது. ஒரு நாள் கட்டிலிலிருந்து இறங்கும்போது தலை சுற்றி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் இடது கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். இளம் டாக்டர் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார்.

"பயப்பட ஒண்ணுமில்ல, அடி மட்டும்தான். இங்க ஒரு பழைய முறிவு இருக்கே பாட்டி, எப்போ விழுந்தீங்க?"

"அது ஆச்சு ஒரு காலம். குளியலறையில."

டாக்டர் தலையாட்டிவிட்டு மருந்துச் சீட்டு எழுதப் போனார். அவள் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு வருடம் விரலில் உணர்ந்தது இப்போது வெள்ளையாக, தெளிவாக, கண்ணெதிரே இருந்தது. திரும்பினாள். கட்டிலில் படுத்திருந்த அம்மா படத்தைப் பார்க்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். சாயங்காலம் அவள் டீ கொண்டுவந்து வைத்தபோது அம்மா கேட்டாள்.

"பாத்தல்ல?"

"பாத்தேன்."

"இன்னைக்குத்தான் தெரியுமா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "படிக்கும்போதே தெரியும்மா."

அம்மா கண்ணை மூடித் திறந்தாள். "அடிப்பாவி. அத்தனை வருஷமா? ஒரு வார்த்தை கேக்கலையே."

"கேட்டா நீ குளியலறைன்னு சொல்லுவ. நானும் சரின்னு தலையாட்டணும். அதுக்குக் கேக்காமலே இருந்துடலாம்னு..."

டீ ஆறிக்கொண்டிருந்தது. அம்மா வளைந்த கையை மடியில் வைத்து, அது யாருடைய கையோ என்பதுபோல் பார்த்தாள்.

"மேசையில ரூல்தடி வச்சிருப்பாரு, ஞாபகம் இருக்கா? முகத்துக்கு நேரா வந்துச்சு. கையைத் தூக்கினேன். அவ்வளவுதான்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு யாருக்குடி ஞாபகம் இருக்கு."

"எத்தனை தடவைம்மா?"

"எலும்பு உடைஞ்சது ஒரு தடவைதான்." அம்மா லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள். "மத்ததெல்லாம் சதையோட போச்சு. சதைக்கு ஞாபகம் கிடையாது. இந்த எலும்புதான் போயும் போயும் உங்கிட்ட வந்து மாட்டிக்கிச்சு."

அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடியில் பலமில்லை.

"இத பாரு. எரிக்கச் சொல்றது தமாஷுன்னு எல்லாரும் நினைக்கறீங்க. தமாஷ் இல்ல. அவர் பக்கத்துல என்னைப் போடாத. இருந்த காலமெல்லாம் இருந்தாச்சு. போன பிறகாவது விட்டுடுங்க."

"சரிம்மா."

"அவனுக்குத் தெரிய வேணாம். அவன் அப்பாவை நெஞ்சுல தூக்கி வச்சிருக்கான். அது அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

"சரி."

"எரிச்சா இதெல்லாம் தெரியாதுல்ல?"

பொய் சொல்லியிருக்கலாம். தொழில் விடவில்லை. "துண்டு துண்டா கொஞ்சம் மிஞ்சும். பாக்கத் தெரிஞ்சவங்க பாத்தா சில சமயம் தெரியும்."

"பாக்கத் தெரிஞ்சவ யாரு, நீதானே? நீ பாக்காத."

அடுத்த மாதம் ஒரு காலையில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், அம்மா போய்ச் சேர்ந்தாள். அவள்தான் பக்கத்தில் இருந்தாள். வாழ்நாள் முழுக்கச் சாவைப் பற்றிப் பேசியே சம்பாதித்தவள், அம்மாவின் நாடி நின்றதும் நர்ஸைக் கூப்பிடக்கூடத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு போர்வைக்கு வெளியே கிடந்த இடது கையை, கீழே இன்னொரு கை கொடுத்துத் தூக்கி, உள்ளே வைத்தாள்.

மதியம் தம்பியும் அவன் மனைவியும் வந்து இறங்கினார்கள். தம்பி பாலம் கட்டும் பொறியாளர். எதையும் முன்கூட்டியே முடித்து வைக்கிற ஆள். வழியிலேயே நாலு போன் போட்டுவிட்டு வந்திருந்தான். அழுது சிவந்த கண்ணோடு அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"எல்லாம் சொல்லிட்டேன்க்கா. நாளைக்குக் காலையில. அப்பா பக்கத்துலயே. அன்னைக்கே இடம் வாங்கி வச்சது நல்லதாப் போச்சு."

"அம்மா எரிக்கச் சொன்னாடா."

அவன் கையை எடுத்தான். "அந்தப் பிரஷ் கதையா? அது சும்மா சிரிக்கறதுக்குச் சொன்னது."

"சிரிக்கறதுக்கு இல்ல. போன மாசம் என் கையைப் புடிச்சுச் சொன்னா."

"எங்கிட்ட சொல்லலையே. வாராவாரம் பேசறேன். மூட்டு வலியைச் சொல்றா, மழை பெய்யறதைச் சொல்றா. இதைச் சொல்ல மாட்டாளா?"

"எங்கிட்ட சொன்னா."

"நீ சொல்ற." அவன் குரல் ஏறியது. "உனக்கு இதெல்லாம் பாடம்க்கா. எனக்கு அம்மா. அப்பா அங்க தனியா படுத்திருக்காரு. கல்லுல பாதி இடம் அம்மா பேருக்குன்னு விட்டு வச்சிருக்கேன். நாளைக்கு வர்றவங்க என்ன நினைப்பாங்க? நீதானே அந்த ஜோடியைத் தோண்டி எடுத்து ஊருக்கெல்லாம் காட்டின. அவங்க சேந்து படுத்திருந்தா அழகு, நம்ம அப்பா அம்மாவுக்கு மட்டும் கூடாதா?"

"அந்தப் பொம்பளையை யாரும் கேக்கலடா. அவ வாய் திறந்து சொல்ல முடியல. நம்ம அம்மா சொல்லிட்டுப் போயிருக்கா."

"அப்போ காரணம் சொல்லு. ஒரே ஒரு காரணம். நான் வாயை மூடிக்கறேன்."

காரணம் தொண்டை வரை வந்து நின்றது. ஒரே வாக்கியம். அதைச் சொன்னால் அம்மாவின் ஒரு ஆசை நிறைவேறும், இன்னொரு ஆசை உடையும். சொல்லாவிட்டால் நாளைக் காலை அம்மா அந்த இடத்துக்குப் போய்விடுவாள். தம்பி மனைவி டீத்தட்டோடு சமையலறை வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

"சொல்ல மாட்டேன்" என்றாள் அவள். "சொல்லாதன்னு சொல்லியிருக்கா. நீ என்னோட ஜென்மத்துக்கும் பேசாம போ. ஆனா அம்மாவை அங்க கொண்டு போகாதடா. உன் காலைப் புடிச்சுக் கேக்கறேன்."

அவள் வலது கை, அவளுக்கே தெரியாமல், தன் இடது முன்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் பக்கம், நடுவில். அதைத் தம்பி பார்த்தான். முகத்தை நிமிர்த்தி அக்காவைப் பார்த்தான். மறுபடி கையைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்த கோபம் வடிந்து போனது. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

தம்பி மனைவி டீயை மேசைமேல் வைத்துவிட்டு, "அண்ணி சொல்றபடி செஞ்சிடலாங்க" என்றாள் மெல்ல.

அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். "ஆமாங்க, நான்தான். நாளைக்கு வேணாங்க... இல்லைங்க, பிரச்சினை ஒண்ணும் இல்ல." ஒரு கணம் நிறுத்தினான். "அது அவங்க விருப்பம்."

மறுநாள் தகன மண்டபத்தில் கொஞ்சம் பேர்தான் வந்திருந்தார்கள். அவர்கள் போன பிறகு அக்காவும் தம்பியும் காத்திருக்கும் அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒருவர் குழாயில் தண்ணீர் பிடித்து வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"நீ ஹாஸ்டலுக்குப் போன பிறகு" என்று தம்பி திடீரென்று ஆரம்பித்தான், "அப்பா குரல் ஏறினா நான் புத்தகத்தைத் திறந்து வச்சுக்கிட்டுச் சத்தமாப் படிப்பேன். தொண்டை கிழியப் படிப்பேன். அடுத்த நாள் அம்மா, 'நேத்து நல்லாப் படிச்சடா கண்ணு'ன்னு தலையைத் தடவுவா."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்குத் தெரியுமா?"

"அந்தக் கை எப்படி உடைஞ்சதுன்னு தெரியாது. நேத்துதான் புரிஞ்சுது. மத்தது தெரியும்."

"உனக்குத் தெரியவே கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாடா."

"எங்கிட்டயும் அப்படித்தான். 'அக்காகிட்ட மூச்சு விடாத, அவ அப்பா செல்லம், தாங்க மாட்டா'ன்னு சின்ன வயசுலயே சொல்லி வச்சா."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிப்பு வருவதுபோல் இருந்தது, வந்தது அழுகை. அவள்தான் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பின்ன ஏன்டா பக்கத்துலதான் வைக்கணும்னு அப்படி நின்ன?"

அவன் உள்ளங்கையைப் பார்த்தபடி யோசித்தான். "தெரியலக்கா. பக்கத்துல வச்சுட்டா, எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுன்னு ஆயிடும்னு நினைச்சேனோ என்னவோ."

அவள் அவன் முதுகில் கையை வைத்துக்கொண்டாள்.

கதவைத் திறந்துகொண்டு தகனப் பணியாளர் வந்தார். "முடிஞ்சுதுங்க. எலும்பை அரைச்சுப் பொடியாக்கறதுக்கு முன்னாடி யாராச்சும் பாக்கணுமா? தட்டுல எடுத்து வச்சிருக்கேன்."

அவள் எழுந்துவிட்டாள். அது கால்களின் பழக்கம். எத்தனையோ ஊர்களில், எத்தனையோ தட்டுகளில், சாம்பலுக்குள்ளிருந்து விரல்நுனி அளவு துண்டுகளைப் பொறுக்கி இது தோள், இது விலா, இது முன்கை என்று பிரித்து வைத்தவள். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே வெளிர்சாம்பல் நிறத்தில் ஏதோ தெரிந்தது. இன்னும் இரண்டடி வைத்திருந்தால் கண் தானாகத் தேட ஆரம்பித்திருக்கும்.

"நீ போடா" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

தம்பி உள்ளே போனான். இயந்திரச் சத்தம் கேட்டு அடங்கியது. அவன் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தான். "சூடா இருக்குக்கா" என்று மட்டும் சொன்னான். காருக்குப் போகும் வரை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள்.

சாம்பலை என்ன செய்வது என்று அம்மா ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. அதற்கு இருவரும் ஒரு மாதம் போனில் வாக்குவாதம் செய்தார்கள். கடைசியில், கடலைப் பார்க்கணும் என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்ததும் அப்பா கூட்டிப் போகாததும் தம்பி மனைவிக்குத்தான் நினைவு வந்தது. கடலுக்குக் கொண்டு போனார்கள். பலமான காற்று. தம்பியின் சட்டையெல்லாம் சாம்பல். "அம்மா உங்களை விட மாட்டேங்கறாங்க பாருங்க" என்று அவன் மனைவி சொல்ல, மூவரும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

திரும்பும் வழியில் தம்பி காரைக் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் திருப்பினான். வாங்கிப் போட்ட இடத்தைத் திருப்பிக் கொடுப்பதாக அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அவன் உள்ளே போனான். அவள் அப்பாவைத் தேடிப் போனாள்.

கல்லில் அப்பாவின் பெயருக்குக் கீழே பாதி இடம் காலியாக இருந்தது. பக்கத்து இடத்தில் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்க வேண்டும் என நினைத்துத்தான் வந்தாள். குழி ஓரத்தில் குடையோடு நின்ற மனிதர்தான் நினைவில் வந்து நின்றார். அவரை விரட்டவும் முடியவில்லை, கூப்பிடவும் முடியவில்லை. கொஞ்ச நேரம் அழுதாள். யாருக்காக என்று பிரித்துப் பார்க்கவில்லை.

பின்னால் தம்பி வந்து நின்றான். "கொடுத்தாச்சு. போலாமாக்கா?"

அவள் தரையைப் பார்த்தாள். தலைமாட்டில் மண் ஒரு சாண் இறங்கி, மழைத் தண்ணீர் தேங்கிய தடம் இருந்தது. சவப்பெட்டியின் மூடி இற்றுப்போனால் அப்படித்தான் இறங்கும்.

"மண்ணு இறங்கியிருக்குடா. மழை வந்தா இன்னும் உள்வாங்கும். ரெண்டு கூடை மண்ணு போடச் சொல்லணும்."

"சொல்லிட்டே போலாம்" என்றான் தம்பி.

அலுவலகத்து வாசலில் உட்கார்ந்திருந்த தோட்டக்காரரிடம் இடத்தைச் சொல்லிவிட்டு, இருவரும் காரில் ஏறினார்கள்.